‘லாம்’ வராத வாய்

எங்கள் மாமா வாயில் ‘லாம்’ வந்து நான் கேட்டதில்லை. மழை வரலாம், பஸ் வரலாம், பெண் வீட்டார் ஒத்துக்கொள்ளலாம் என்றுதான் ஊரில் மற்றவர்கள் பேசுவார்கள். மாமாவுக்கு எதுவாக இருந்தாலும் ஒன்று வரும், இல்லை வராது. நடுவில் ஓர் இடம் இருப்பதே அவருக்குத் தெரியாது. தெரியாததற்காக வெட்கப்படும் வழக்கமும் அவருக்கு இல்லை.

மாமா என்றால் என் அப்பாவின் தங்கை புருஷன். அப்பா இறந்த பிறகு எங்கள் வீட்டுக்கு ஆண் துணை என்று தன்னைத்தானே நியமித்துக்கொண்டார். அம்மாவுக்கு அது பெரிய ஆறுதல். எனக்கு அது தினசரித் தலைவலி. இளவயதில் அரிசி மில்லில் மூட்டை தூக்கினாராம். நான் பார்த்த நாளிலெல்லாம் அத்தை கழனி வேலைக்குப் போய்ச் சோறு போட்டாள். அவர் எங்கள் தெருமுனைத் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே சிமென்ட் கட்டையில் உட்கார்ந்து எல்லாருக்கும் தீர்ப்பு சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது அவர் இல்லை. ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. வாழ்நாளில் அவர் பேசாமல் செய்த ஒரே காரியம் அதுதான்.

ஒரு முறை உத்திரமேரூர் போக மானாம்பதி ரோட்டில் நாங்கள் நாலைந்து பேர் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தோம். மாமா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

“இன்னாத்துக்கு நிக்கிறீங்க? பஸ் வராது. டிப்போவுலயே நின்னுபோச்சி.”

“உனுக்கு யாரு சொன்னது மாமா?”

“யாரு சொல்லணும்? எனுக்குத் தெரியாதா?”

நடந்தோம். வெயில் மண்டையைப் பிளக்கிறது. பாதி வழி போவதற்குள் அந்த பஸ் எங்கள் மேல் புழுதியை வாரி இறைத்துவிட்டு, நிற்காமல் போயிற்று. சாயந்திரம் திரும்பி வந்து நான் அவரைக் கேட்டேன். பஸ்ஸைப் பார்த்ததாகவே ஒப்புக்கொள்ளவில்லை. “அது வேற பஸ்” என்றார். “நம்ம பஸ் நின்னுதான் போச்சி.” நம்பர் அதேதான், டிரைவரும் அதே ஆள்தான். இதற்கு மேல் அந்த மனிதரிடம் என்ன பேசுவது?

பஸ்ஸோடு விட்டிருந்தால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். அவருக்கு வைத்தியத்தில்தான் பைத்தியம். வைத்தியம் என்றால் மருந்து மாத்திரை இல்லை, ஆபரேஷன். அவருக்கு அதில் படிப்பு இருந்தது என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் பட்டத்தை வயிற்றிலேயே வைத்திருந்தார். யாராவது பேச்சில் ஆபரேஷன் என்று சொல்லிவிட்டால் போதும், சட்டையைத் தூக்கித் தையல் தழும்புகளைக் காட்டிவிடுவார். “இது கொடல் எறக்கம். இது கொடல்வாலு. பக்கவாட்டுல பாரு, இது கல்லு.” பெண்கள் இருக்கிறார்களே, சாப்பிடுகிறார்களே என்றெல்லாம் பார்ப்பதில்லை. என் நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளையின் சித்தப்பாவுக்குப் பந்தியிலேயே காட்டினார். அந்த மனிதர் பாயசத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

மயக்க மருந்து பற்றி அவரிடம் தனி அத்தியாயமே இருந்தது. “என்ன மயக்க முடியல. டாக்டரு எண்ணச் சொன்னாரு. எண்ணிக்கினே போறன், எண்ணிக்கினே போறன், நூறு தாண்டிட்ச்சி. போதும் நிறுத்துய்யான்னு அவரே சொல்ட்டாரு.”

“நிறுத்திட்டு எப்படி மாமா அறுத்தாங்க?” என்று நான் ஒரு நாள் கேட்டேன்.

“ரேஷன் கடையில ஒக்காந்துக்கினு அரிசி எடை போடறவ, உனுக்கு இதெல்லாம் புரியாது” என்றார்.

ஆமாம், நான் ரேஷன் கடையில்தான் வேலை செய்கிறேன். நாள் முழுக்க பத்து பேரோடு கத்தினால்தான் அந்த வேலை நடக்கும். அந்த வாயையே அடைத்தவர் அவர் ஒருவர்தான் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நியாயமாகாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், மனமில்லாமல்தான் சொல்கிறேன். எங்கள் தெருவில் யாருக்கு உடம்புக்கு முடியவில்லை என்றாலும், கூட வண்டியில் ஏறுகிறவர் அவர்தான். ஒரு பையில் போர்வை, பிளாஸ்க், டம்ளர் எல்லாம் எப்போதும் தயாராக இருக்கும். கூலி வேலைக்குப் போகிற ஜனம், ஒரு நாள் போனால் ஒரு நாள் சோறு போயிற்று. ஆஸ்பத்திரி வராந்தாவில் வாரக்கணக்கில் படுத்துக் கிடக்க யாரால் முடியும்? அவரால் முடிந்தது. வேலை வெட்டி இல்லாதவருக்கு அது ஒரு வேலை. ஆனால் போனவர் சும்மா இருப்பாரா? டாக்டர் நோயாளியைப் பார்த்து “எங்க வலிக்குது” என்று கேட்டால் இவர் பதில் சொல்வார். காவாந்தண்டலத்திலிருந்து எங்கள் சொந்தக்காரர் ஒருவரை அழைத்துப் போனார். அந்த ஆள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், இவர் “வயித்துலதான் சார் வலி, வாயு” என்று அடித்துச் சொல்கிறார். நல்லவேளை, டாக்டர் இவரை வெளியே அனுப்பிவிட்டு அந்த ஆளைக் கேட்டார்.

இப்பேர்ப்பட்ட மனிதரின் கையில்தான் என் தம்பியின் கால் மாட்டியது.

தம்பி வாடகை டிராக்டர் ஓட்டுகிறவன். மழை பெய்து ஓய்ந்த ஒரு நாள் கழனியில் ரோட்டவேட்டர் ஓட்டிக்கொண்டிருந்தான். அது பின்னால் மாட்டிச் சேற்றைப் புரட்டுகிற கத்திகள். கத்தியில் சேறும் பழைய பயிர்த் தட்டையும் சுற்றிக்கொண்டது. இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கியிருக்க வேண்டும். அணைக்காமல் இறங்கிக் காலால் உதைத்தான். இடது காலை அது இழுத்துக்கொண்டது. முட்டிக்குக் கீழே முன்பக்கத்துச் சதை உரிந்து போய், கையகலத்துக்கு எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. நான் அதைப் பார்த்தேன். இன்றைக்கும் நல்லி எலும்புக் குழம்பு வைக்க எனக்குக் கை வருவதில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் உடைந்திருந்த எலும்பை அசையாமல் வெளியே கம்பி போட்டு நிறுத்தினார்கள். பிறகு சதை வைத்துத் தைக்கிற டாக்டர் வந்து பார்த்தார். எலும்பு இப்படித் திறந்தே கிடந்தால் காய்ந்து போகும், சீழ் வைக்கும், கடைசியில் முட்டிக்குக் கீழே எடுத்துவிட வேண்டியிருக்கும் என்றார். தொடையிலிருந்து தோலும் சதையுமாக ஒரு துண்டை அதன் ரத்தக்குழாயோடு வெட்டி எடுத்து, எலும்பு மேல் போர்த்தி, அந்தக் குழாயைக் காலில் இருக்கிற குழாயோடு இணைத்துத் தைப்பார்களாம். குழாய் வைக்கோல் தடிமன் கூட இருக்காதாம். துண்டு பிழைத்தால் கால் பிழைக்கும்.

“பஞ்சர் ஒட்டறாப்பல” என்று மாமா எங்களுக்கு விளக்கினார். நாங்கள் கேட்கவில்லை.

அன்று தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டான். “அக்கா, இந்தக் கால எடுத்துட்டாங்கன்னா நான் கிளட்ச்ச எதால மிதிப்பன்?” அவனுக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றுதான்.

ஆபரேஷனுக்கு முதல் நாள் மயக்க டாக்டர் வந்தார். சின்ன வயசு, ஒல்லியான அம்மா. வந்தவர் மற்றவர்களைப் போல நின்றபடி பேசாமல் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தம்பியைப் பார்த்துத்தான் பேசினார்.

“வெட்டி எடுத்த சதை கொஞ்ச நேரம் ரத்தம் இல்லாம பட்டினி கிடக்கும். அப்புறம் குழாயைச் சேர்த்ததும் ரத்தம் ஒரேயடியா பாயும். பட்டினி கிடந்த வயித்துக்குத் திடீர்னு விருந்து போட்டா ஒத்துக்காதுல்ல, அந்த மாதிரி அப்ப அந்தச் சதைக்குச் சேதம் ஆகலாம். அந்த நேரத்துல அதைக் காப்பாத்தறதுக்கு நாங்க என்ன மயக்க மருந்து கொடுக்கிறோம்ங்கிறதும் உதவலாம்னு சொல்றாங்க. அதைவிட முக்கியம், தைச்ச குழாய் சுருங்கக் கூடாது. வலிச்சாலும் சுருங்கும், குளிர்ந்தாலும் சுருங்கும். அதனால உங்களைத் தூங்கவும் வைச்சு, முதுகுல மெல்லிசா ஒரு குழாயும் வைச்சா நல்லதுன்னு நினைக்கிறேன். அது வழியா மருந்து விட்டுக்கிட்டே இருப்போம். கால் ரெண்டு மூணு நாளைக்கு மரத்துப் போயிருக்கும். வலி இருக்காது, கால் சூடா இருக்கும், ரத்தம் நல்லா ஓடலாம்.”

இவ்வளவு பொறுமையாக எங்களிடம் எந்த டாக்டரும் பேசியதில்லை. எனக்குப் புரிந்தது. தம்பிக்கும் புரிந்த மாதிரிதான் தலையை ஆட்டினான். கால்மாட்டில் பையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மாமா தொண்டையைச் செருமினார்.

“ஓடலாமா, ஓடுமா?”

டாக்டர் திரும்பிப் பார்த்தார். “பெரும்பாலும் ஓடும்ங்க. எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கும்னு நான் சொல்ல முடியாது.”

“அப்போ ஓடாமயும் போவலாம்.”

“போகலாம்.”

“அவ்ளதான் கேட்டன்” என்று மாமா எங்கள் எல்லாரையும் ஒரு முறை சுற்றிப் பார்த்தார். கோர்ட்டில் ஜெயித்த மாதிரி ஒரு பார்வை. எனக்கு அப்போதே அந்த பிளாஸ்க்கை எடுத்து அவர் தலையில் போடலாம் போல இருந்தது.

டாக்டர் அந்தப் பக்கம் போனதும் மாமா சட்டையைத் தூக்கிவிட்டார். குடல் இறக்கத்துக்கு அவருக்கு முதுகில்தான் ஊசி போட்டார்களாம். அன்று பிடித்த இடுப்பு வலி இன்னும் விடவில்லையாம். நூறு தாண்டி எண்ணியது எந்த ஆபரேஷனில் என்று நான் கேட்டேன். அது வேறாம். இருபது வருஷமாக சிமென்ட் கட்டையில் உட்கார்ந்தே இருந்தால் எருமைக்குக் கூட இடுப்பு வலிக்கும். அதை அவரிடம் யார் சொல்வது?

அம்மாவை இந்த இடுப்பு வலிக் கதை அவ்வளவாக அசைக்கவில்லை. அடுத்து அவர் சொன்னதுதான் அசைத்தது.

“மரத்துப் போவும்னு அந்தம்மா வாயாலயே சொல்லுச்சே, கேட்டியாம்மா? மரத்துப் போனா இன்னா அர்த்தம்? நம்ம தெருவுல பால்காரருக்கு இன்னா ஆச்சி? மொதல்ல கால் மரத்துப் போச்சி. அப்பறம் கறுத்துப் போச்சி. அப்பறம் எடுத்துட்டாங்க. எடுக்கக் கூடாதுன்னு வந்திருக்கோம், இவங்க மரத்துப் போவறதுக்கே ஊசி போடறாங்களாம்.”

பால்காரருக்குச் சர்க்கரை வியாதி. கால் உணர்ச்சி போய், முள் குத்தினது தெரியாமல் புண் வைத்து, எடுத்துவிட்டார்கள். எங்கள் தெருவில் அதற்குப் பிறகு கால் மரத்துப் போச்சு என்று யாரும் சாதாரணமாகச் சொல்வதில்லை. சொன்னால் பக்கத்தில் இருக்கிறவர்கள் வாயில் கை வைத்துக்கொள்வார்கள். அந்த டாக்டர் தெற்கத்திப் பக்கம். எங்கள் தெருவில் அந்த வார்த்தை எவ்வளவு கெட்டுப்போய்க் கிடக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

“ஐயோ, வோணாம் வோணாம்” என்று அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள். “அண்ணா சொன்னா சரியாத்தான் இருக்கும். முழுசா தூங்க வெச்சே பண்ணட்டும்.”

நான் எவ்வளவோ சொன்னேன். அது வேறு, இது வேறு. பால்காரருக்கு உணர்ச்சி நோயால் போனது, இவனுக்கு மருந்தால் போய்த் திரும்பி வரும் என்றேன். “திரும்பி வரும்னு அந்தம்மா எழுதித் தருமா?” என்றார் மாமா. தம்பி அம்மாவைப் பார்த்தான், அம்மா மாமாவைப் பார்த்தாள். முதுகுக் குழாய் வேண்டாம் என்று தம்பியே டாக்டரிடம் சொன்னான். அந்த அம்மா இன்னொரு தடவை விளக்கிப் பார்த்தார். பிறகு, “சரி, கட்டாயப்படுத்த மாட்டேன். முழு மயக்கத்துலயும் நல்லபடியா முடியலாம்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

உண்மையைச் சொன்னால் அவர் மேலும் எனக்குக் கோபம்தான். ஒரே ஒரு முறை ‘லாம்’ போடாமல் பேசியிருந்தால் என்ன குறைந்துவிடும்? பொய் சொல்லத் தெரியாதவர்கள் எங்கள் மாமாவோடு மோதக் கூடாது.

காலையில் உள்ளே கொண்டுபோனவனைப் பொழுது சாயும்போதுதான் வெளியே விட்டார்கள். துண்டு ஒட்டிக்கொண்டது, நிறம் நன்றாக இருக்கிறது என்றார் சதை டாக்டர். அம்மா கர்த்தருக்கு நன்றி சொன்னாள். மாமா, “நான் சொன்னனா இல்லியா” என்றார்.

மறுநாள் காலையில் தம்பிக்கு வலி. ஊசி போட்டால் கொஞ்ச நேரம் அடங்கும், மறுபடியும் பல்லைக் கடித்துக்கொண்டு நடுங்குவான். துண்டு குளிரக் கூடாது என்று கட்டிலுக்கு மேலே குண்டு பல்பு கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள், ஃபேன் போடக் கூடாது என்றும் சொல்லியிருந்தார்கள். நான் டீ வாங்கக் கீழே போய்விட்டு வருகிறேன், தலைக்கு மேலே ஃபேன் தடதடவென்று ஓடுகிறது. அதற்குக் கீழே மாமா பனியனோடு உட்கார்ந்து விசிறிக்கொண்டும் இருக்கிறார்.

“ஃபேன யாரு மாமா போட்டது?”

“நான்தான். இன்னா இது பேஜாரு, கோழிக்குஞ்சா பொரிக்கிறாங்க? புள்ள வேர்த்துக் கொட்றான்.”

வேர்த்தது அவருக்கு. பிள்ளை போர்வைக்குள் பல் கிட்டித்துக் கிடக்கிறான். நான் போய் ஃபேனை அணைத்தேன். அவர் தான் தரையில் விரித்திருந்த போர்வையை எடுத்து உதறிப் பையில் வைத்துக்கொண்டு, நாஷ்டா சாப்பிட்டு வருவதாகச் சொல்லிவிட்டுக் கோபமாக வெளியே போனார். கோபப்பட வேண்டியவள் நான்.

மத்தியானம் நர்ஸ் வந்து துண்டை விரலால் அழுத்திப் பார்த்தார். ஊசியால் லேசாகக் குத்தினார். சிவப்பாக வர வேண்டிய ரத்தம் நாவல்பழச் சாறு மாதிரி வந்தது. நர்ஸ் வேகமாக வெளியே நடந்தார். சதை டாக்டர் ஓடி வந்தார். குழாய் அடைத்துக்கொண்டது, உடனே திரும்பத் திறக்க வேண்டும், தாமதித்தால் துண்டு செத்துவிடும் என்றார். துண்டு போனால் அடுத்து என்ன என்று அவர் சொல்லவில்லை. அதை அவர் முன்பே சொல்லியிருந்தார்.

தியேட்டர் கதவுக்கு வெளியே ஸ்ட்ரெச்சரை நிறுத்தினார்கள். அந்த மயக்க டாக்டர் வந்தார்.

“இப்ப முதுகுல வேண்டாம், ரத்தம் உறையாம இருக்க மருந்து ஏத்தியிருக்கோம், அங்க குத்தினா உள்ள ரத்தம் கசியலாம். தொடைக்குப் பின்னாடி காலுக்குப் போற நரம்பு இருக்கு, அது பக்கத்துல ஒரு சின்னக் குழாய் வைச்சுடறேன். இந்த முறை வலி தெரிய வேண்டாம்.”

“அன்னிக்கே வெச்சிருந்தா இப்படி ஆகியிருக்காதுல்ல டாக்டர்?” என்று நான் கேட்டேன். ஆமாம் என்று அவர் சொல்ல வேண்டும், மாமாவின் காதில் விழ வேண்டும் என்பதற்காகவே கேட்டேன்.

“அப்படி நான் சொல்ல மாட்டேங்க. வைச்சிருந்தாலும் அடைச்சிருக்கலாம். வலியும் குளிரும் ஒரு காரணமா இருக்கலாம்.”

மாமா முன்னால் வந்துவிட்டார்.

“முதுகு இல்லன்னா தொட. எங்க குத்துனாலும் கால் மரத்துத்தான போவும்? அவனுக்கு வோணாம். டேய், வோணாம்னு சொல்லுடா.”

தம்பி உதட்டைத் திறந்தான். வோணாம் என்றுதான் சொல்லப்போகிறான் என்று எனக்குத் தெரிந்தது. பிள்ளைப் பிராயத்திலிருந்து அந்த மனிதர் சொன்னதற்குத் தலையாட்டிப் பழகிய தலை அது.

“மாமா, வாய மூடுங்க” என்றேன்.

வராந்தாவே திரும்பிப் பார்த்தது. அந்த மனிதரிடம் யாரும் அதுவரை அப்படிச் சொன்னதில்லை. அம்மா என் தோளைப் பிடித்து இழுத்தாள். நான் ஸ்ட்ரெச்சர் பக்கத்தில் குனிந்து தம்பியின் காதோடு பேசினேன்.

“டேய், கால் மரத்துப் போவாதுடா. தூங்கும். அவ்ளதான். மொத தடவ உன்ன மட்டும் தூங்க வெச்சாங்க, கால் முழிச்சிக்கினே கெடந்துச்சி. அதான் இவ்ள வலி. இப்ப காலையும் சேத்து தூங்க வெக்கிறாங்க.”

“எழுந்துக்குமாக்கா?”

“எழுந்துக்கும்.”

“நெஜமா?”

“நெஜமா. எழுந்துக்கும், கிளட்ச்சு மிதிக்கும்.”

அந்த டாக்டர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அப்படியெல்லாம் உறுதி கொடுக்க முடியாது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் ‘லாம்’ போடவில்லை. தம்பி அவரைப் பார்த்து, “தூங்க வெச்சிடுங்க டாக்டர்” என்றான். கதவு மூடிக்கொண்டது.

மாமா பெஞ்சில் போய் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து, “மூடிக்கினன். ஆனா மரத்துப் போறதுன்னா மரத்துப் போறதுதான்” என்றார். என்ன ஜென்மம் இது என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

குழாயைத் திறந்து, அடைத்திருந்த ரத்தக் கட்டியை எடுத்து, மறுபடியும் தைத்தார்கள். இந்தத் தடவை தம்பி நடுங்காமல் வந்தான். கால் வெதுவெதுப்பாக இருந்தது. மாமா டாக்டரும் நர்ஸும் பார்க்காதபோது அவன் கட்டை விரலைக் கிள்ளிக் கிள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை என்றதும் என்னைப் பார்த்துத் தலையை மெல்ல ஆட்டுவார். இவனுக்கும் பால்காரர் கதைதான் என்று அர்த்தம். அந்த நாட்களில் நான் தூங்கினேனோ இல்லையோ, நினைவில்லை. நான் கொடுத்த உறுதி பொய்யாகப் போயிருந்தால் அவரைவிட நான் எந்த விதத்தில் மேல் என்று மட்டும் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது.

குழாயை எடுத்த அன்று சாயந்திரம் தம்பி “ஐயோ அம்மா” என்று கத்தினான். கால் வலிக்கிறதாம். அம்மா அவன் முகத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள். வலிக்கிறது என்று ஒருவன் கத்துவதைக் கேட்டு ஒரு வார்டே சந்தோஷப்பட்டதை அன்றுதான் பார்த்தேன். துண்டின் ஓரத்தில் ஒரு மூலை மட்டும் கறுத்தது. அதைச் சுரண்டி எடுத்து மேலே தோல் ஒட்டினார்கள். மற்றபடி முழுசும் பிழைத்தது. பார்க்க அழகில்லை, கணைக்கால் எலும்பு மேல் போண்டாவை ஒட்டிவைத்த மாதிரி புடைத்துக்கொண்டிருக்கும். அதனால் என்ன, கால் கால்தானே.

அந்த மயக்க டாக்டருக்குத் தம்பி வீட்டுக்குக் கிளம்பும்போது கும்பிடு போட்டான். “நல்லா நடப்பீங்க” என்றார் அவர். நான் கவனித்தேன், ‘லாம்’ போடவில்லை.

தம்பி கோலை விட்டு நடக்க வருஷம் திரும்பிவிட்டது. ஒரு நாள் அவனும் நானும் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் டீக்கடைக்குப் போனோம். உள்ளே மாமாவின் குரல். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பத்துப் பேரை வைத்துக்கொண்டு பேசுகிறார். யாரோ ஒருவரின் மருமகளுக்கு ஆபரேஷனாம்.

“முதுகுல போடாதன்னு சொல்ட்டன். டாக்டரம்மா திருதிருன்னு முழிக்குது. தொடையில போடுன்னன். நரம்ப காட்னன். போட்டாங்க. போட்டதனாலதான் சத ஒட்டிக்கிச்சி. இல்லன்னா புள்ளைக்குக் கால் ஏது?”

எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. “மாமா” என்றேன்.

திரும்பினார். ஒரு துளி அசடு கூட அந்த முகத்தில் வழியவில்லை. “வா, வா. இதோ வந்துட்டாங்களே.”

“யாரு போடச் சொன்னது? வோணவே வோணாம்னு குறுக்க நின்னது யாரு?”

“முதுகுல வோணாம்னன்” என்றார் நிதானமாக. “முதுகுல போட்டாங்களா? போடல இல்ல? எங்க போட்டாங்க? தொடையில. அப்பறம் இன்னா?”

பத்துப் பேரும் என்னைப் பார்த்தார்கள். அவர் இப்போது சொன்னதில் பொய் என்று பிடிக்க ஒரு நுனி கூடக் கிடைக்கவில்லை. அப்படிப் பேசுவதற்கு ஒரு திறமை வேண்டும், அதையும் ஒப்புக்கொள்கிறேன். நான் தம்பி பக்கம் திரும்பினேன்.

“நீ சொல்லுடா. உன் கால்தான? மாமா இன்னா சொன்னாரு?”

தம்பி அவரைப் பார்த்தான். அவர் டீ டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எதற்கும் காத்திருந்து நான் பார்த்ததில்லை, அப்போது காத்திருந்தார்.

“மாமாதான் சொன்னாரு” என்றான் தம்பி. “முதுகுல வோணாம், தொடையில போடுங்கன்னாரு.”

“கேட்டுக்க” என்றார் மாமா, மருமகளுக்கு ஆபரேஷன் என்றவரிடம். டீயை ஒரே மடக்கில் குடித்தார்.

நான் டீ குடிக்கவில்லை. விறுவிறுவென்று பஸ் நிற்கிற பக்கம் நடந்தேன். தம்பி பின்னாலேயே வந்தான். அந்தக் காலை லேசாக இழுத்து வைத்துத்தான் நடப்பான், ஆனாலும் என்னைப் பிடித்துவிட்டான்.

“இன்னாடா நெனச்சிக்கினு கீற? அந்தாளு பேச்சக் கேட்டிருந்தா உனுக்கு இன்னிக்கு இன்னா ஆகியிருக்கும்?”

“தெரியும்க்கா.”

“தெரிஞ்சும் ஏண்டா அவரு பேரச் சொன்ன?”

“கால் எங்கிட்டதான கீது?” என்றான். “பேரு அவருகிட்ட இருந்துட்டுப் போவட்டும். அவருக்கு வேற இன்னா கீது?”

பஸ் வந்தது. அவன் இடது காலை முதல் படியில் வைத்து ஏறி, எனக்கு ஜன்னல் ஓரம் இடம் பிடித்து வைத்தான். நான் அவனுக்கு முன் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன். மானாம்பதி வரும்வரை அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை.